துண்டும் தொழிலாளியும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைப் படிப்போர் அடிக்கடி காணும் சொற்களுள் ‘துண்டு’ என்பதும் ஒன்று. பார்வைக்கு அது ஒரு சிறு கடதாசியே. ஆயினும், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் ஒரு தொழிலாளி தான் வாழும் தோட்டத்தை விட்டு நீங்கலாமா, நீங்கலாகாதா என்பதை அக்கடதாசியே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலை நோய் பின்னர் கோப்பிப் பயிரை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே, வந்தவர்களைத் தோட்டத்திலேயே நிறுத்திவைப்பது எவ்வாறு என்பது துரைமாரின் பெருங்கவலையாயிற்று. அதற்குக் கிடைத்த கயிறு கடன்.

திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அதற்கான முற்பணத்தைத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. வழிச்செலவும், ஊரில் தீர்த்த பழங்கடனும், வந்தபின் பெற்ற அரிசியும் கம்பளியும் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்பட்டன. கணக்கு இருந்தது கங்காணியிடமும் தோட்ட அலுவலகத்திலும். எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் கடன் எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரியாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டத்தின்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இவ்வாறு கடன் ஒருபுறமும் சட்டம் மறுபுறமும் அவனைக் கட்டிவைத்தன.

துண்டு இவ்விரண்டுக்கும் நடுவே வந்தது. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு; அதைச் செலுத்துவோரிடம் அவர்களை விட்டுவிடத் தடையில்லை என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் சென்று, தொகையைக் கொடுக்க இசையும் துரையைத் தேடுவார். புதிய தோட்டம் பழைய கடனுக்கு மேலும் முற்பணம் கொடுத்தால், அந்த மிகுதி கங்காணிக்கு ஆதாயம், சுமையோ தொழிலாளிக்கு. ஆட்களுக்காகத் தோட்டங்கள் போட்டியிடப் போட்டியிடக் கடனும் வளர்ந்தது. உழைத்துத் தீர்க்க வேண்டிய கடன், உழைக்க உழைக்கப் பெருகியமைக்கு இதுவே காரணம்.

இதில் வேறொரு கொடுமையும் உண்டு. கடன் என்பது கொடுத்தவனும் வாங்கியவனும் மாத்திரம் அறியவேண்டிய செய்தி. துண்டோ அதை ஊரறியச் செய்தது. அறிமுகமில்லாத துரைமார் ஒரு குடும்பத்தின் கடனைக் கையில் வைத்து விலைபேசினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், தாம் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகர வில்லையைச் சுமந்து வந்தனர்; வழிச்செலவும் அத்தோட்டத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது. வந்துசேர்ந்த லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அடுத்த அறைக்குக் கேளாமல் பேச இயலாத அவ்விடத்தில், கடன் கேட்டு வாசலில் எழும் குரல் லயம் முழுவதற்கும் கேட்கும்.

தோட்டமோ தனியார் சொத்து. வெளியார் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறலாகும். தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசையர், புடைவை வியாபாரிபோல் வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. தோட்டத்தின் வேலிக்கு மதிப்பு இருந்தது. தொழிலாளியின் கதவுக்கு இல்லை.

1908இல் இலங்கை அரசாங்கம் அமைத்த தொழிலாளர் ஆணைக்குழுவும், 1917இல் வெளிவந்த மார்ஜோரிபாங்க்ஸ், மரைக்காயர் ஆகியோரின் அறிக்கையும் தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் சட்டத்தையும் துண்டு முறையையும் எதிர்த்தார். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிவகுத்தது. 1931இல் நடேசையர் ஹற்றனை நிலைக்களனாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

கடதாசி மறைந்தது, கடன் மறையவில்லை. அண்மைக் காலத்தில் நுண்நிதிக் கடன் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து லயங்களுக்குள் வந்தது. ஒருத்தி தவணை தவறினால் குழுவிலுள்ள ஏனையோர் அறிவர்; அயலாரின் முன் நேரும் வெட்கமே அங்கு ஈடாகிறது. நுண்நிதி நிறுவனங்களுக்கென 2016இலும், தனிமனிதர் பற்றிய தரவுகளைப் பாதுகாக்கவென 2022இலும் இலங்கைப் பாராளுமன்றம் சட்டங்களை இயற்றியது. ஒருவரின் கணக்கு அவரைப் பற்றிய செய்தி. அதைக் கையாள்வதற்கு ஒரு வரம்பு உண்டு என்பது பின்னைய சட்டத்தின் அடிப்படை.

கடன் பெற்றவர் அதைத் தீர்க்கக் கடமைப்பட்டவரே. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், பெற்ற பணத்தோடு தம் பெயரையும் வீட்டு வாசலையும் அவர் அடகு வைத்தாரல்லர். துண்டு ஒழிந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கடன் கேட்க வருபவர் லயத்து வாசலில் குரலைத் தாழ்த்திப் பேசும் நாளிலேயே அவ்வொழிப்பு நிறைவு பெறும்.