சிவப்பில் ஒரு மன்னர்

2024 மே 14 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் மூன்றாம் சார்லஸ் மன்னரே தன் உருவப்படத்தின் திரையை விலக்கினார். ஜொனாதன் யோ தீட்டிய படம். முகத்தையும் கைகளையும் தவிர எங்கும் சிவப்பு. வெல்ஷ் கார்ட்ஸ் படைச் சீருடையும் பின்னணிக்குள் கரைந்திருந்தது. தோளருகே ஒரு வண்ணத்துப்பூச்சி. இளவரசர் மன்னரான மாற்றத்தை ஓவியர் அதில் குறித்தார். பார்த்தவர்கள் பலருக்கோ ரத்தமும் நெருப்பும் தெரிந்தன.

உருவப்படம் வரைந்தே வாழ்பவன் என்பதால் அரச உருவப்படங்கள் கிளப்பும் இத்தகைய சர்ச்சைகளின் வரலாற்றை விடாமல் படித்து வருகிறேன். 1950களில் பியெத்ரோ அன்னிகோனி, இளம் அரசி இரண்டாம் எலிசபெத்தைக் கருநீல மேலங்கியில் வரைந்தார். மக்கள் அதைக் கொண்டாடினார்கள். அதே ஓவியர் 1969இல் செவ்வங்கியில், வெற்றுப் பின்னணியில், தனிமை தோன்ற அவரை வரைந்தபோது கருத்துகள் பிளந்தன. 2001இல் லூசியன் ஃபிராய்ட் அதே அரசியைத் தீட்டிய படம் மிகச் சிறியது, சுமார் 23.5 செ.மீ. உயரம். மகுடத்துக்கு இடம் போதாமல் கித்தானை மேலே நீட்டினார். வயதை மறைக்காத அந்த முகத்தைப் பத்திரிகைகள் சாடின. விமர்சகர்கள் சிலர் போற்றினார்கள்.

நாணயத்திலும் தபால்தலையிலும் பழகிய முகத்தையே மக்கள் தேடுகிறார்கள். ஓவியரோ எதிரே அமர்ந்திருக்கும் மனிதரைப் பார்க்கிறார். இந்த இடைவெளியில்தான் கோபம் பிறக்கிறது. ஆனாலும் எல்லாருக்கும் இணக்கமான படத்தைவிட, ஒரு நாட்டையே வாதிட வைத்த படத்தைத்தான் நான் மதிக்கிறேன்.