சிரப் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய கதை

அகமதாபாத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. அதனாலேயே மணிநகர் பக்கம் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கினால் எனக்கு ஒரு போன் போட்டுவிடுவார்கள். கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதெல்லாம் டாக்டர் குழந்தையின் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. எனக்குச் சொல்லத் தெரிந்தது மருந்து எந்தத் திரவத்தில் கரைந்திருக்கிறது என்பதைத்தான். அது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு 1937-ல் அமெரிக்காவில் நடந்தது ஒன்று போதும்.

அப்போது பென்சிலின் கடைக்கு வரவில்லை. குழந்தைக்குத் தொண்டையில் சீழ் வைத்தால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1935-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்பவர் பிரான்டோசில் என்ற சாயம் கிருமியை அடக்குகிறது என்று வெளியிட்டார். கையில் ஊசி குத்திச் சீழ் பிடித்த தன் மகளுக்கே கொடுத்துப் பார்த்தவர் அவர். சாயத்துக்குள் இருந்து வேலை செய்வது சல்ஃபானிலமைடு என்று பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் அதே வருஷம் கண்டுபிடித்தார்கள். அது பழைய சரக்கு, காப்புரிமை காலாவதியானது. ஆளாளுக்கு மாத்திரை போட ஆரம்பித்தார்கள்.

குழந்தைகள் மாத்திரை விழுங்குமா? திரவமாகக் கேட்டார்கள். சல்ஃபானிலமைடோ தண்ணீரில் லேசில் கரையாது. டென்னஸியில் இருந்த மாஸெங்கில் கம்பெனியின் தலைமைக் கெமிஸ்ட் ஹெரால்ட் வாட்கின்ஸ், டைஎத்திலீன் கிளைக்காலில் அது நன்றாகக் கரைவதைக் கண்டார். ராஸ்பெரி வாசனை சேர்த்தார்கள். ருசி பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள். ஒரு எலிக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிச் சட்டமும் இல்லை.

1937 செப்டம்பரில் 240 காலன் மருந்து நாடு முழுக்கப் போனது. அக்டோபரில் ஓக்லஹோமாவின் டல்ஸா ஊரிலிருந்து சாவுச் செய்தி வர ஆரம்பித்தது. டைஎத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், ஆனால் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். 100 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். தன் சின்ன மகளைப் பறிகொடுத்த ஒரு தாய், இனி இன்னொரு குழந்தைக்கு இது நேரக்கூடாது என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் ஒன்று உண்டு. அரசு அந்த மருந்தைப் பறிமுதல் செய்தது விஷம் என்பதற்காக அல்ல. 'எலிக்ஸிர்' என்று பெயர் வைத்தால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே லேபிள் தப்பு! 1906-ம் வருஷத்துச் சட்டத்தில் வேறு பிடி கிடைக்கவில்லை. 'சொல்யூஷன்' என்று எழுதியிருந்தால் அதுவும் முடிந்திருக்காது. இன்ஸ்பெக்டர்கள் கடை கடையாக, வீடு வீடாகப் போய்ப் பெரும்பகுதி பாட்டில்களை மீட்டார்கள். வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார். கம்பெனி 26,000 டாலருக்குச் சற்று மேல் அபராதம் கட்டியது. 1938 ஜூனில், பாதுகாப்பை நிரூபித்த பிறகே புது மருந்தை விற்கலாம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. நம் நாட்டு மருந்துச் சட்டம் 1940-ல் வந்தது.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இதே விஷம் கலந்த கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். 1998-ல் குர்கான், 2022-ல் காம்பியா. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அந்த இருமல் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இருக்கலாம் என்று சட்டம் விடுவது 0.1 சதவீதம், சோதனையில் கண்டது 48.6. இப்போதெல்லாம் கெமிஸ்டின் அறியாமை காரணமில்லை. மலிவான, அல்லது கலப்படமான கரைப்பானைச் சோதிக்காமல் பீப்பாயோடு கவிழ்ப்பதுதான். எங்கள் லேபில் கேஸ் குரோமடோகிராஃபி மெஷினில் போட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அமாக்ஸிசிலின் போன்றவை பொடியாக வருவதற்குக் காரணம் வேறு. தண்ணீர் பட்டால் மருந்தே மெல்லக் கெட்டுவிடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைப் பாதி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்புங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், கூட வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளக்கலாம். கிளாவுலானேட் கலந்தது என்றால் ஃபிரிட்ஜில் 7 நாள்தான், மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள். எந்த சிரப் கொடுத்தபின்னும் குழந்தை ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, உடம்பு தடித்து மூச்சு வாங்கினாலோ எனக்குப் போன் போட வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.