இலாசரின் பெயரால் ஒரு வசை

உழைக்காமல் காலம் கழிப்போரைக் குறிக்க ஐரோப்பியர் முன்னாளில் 'லாசரோனி' என்றொரு சொல்லை வழங்கினர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தெருக்களிலும் துறைமுகத்திலும் வாழ்ந்த ஏழை மக்களுக்கு இடப்பட்ட பெயர் அது. அதன் வேரைத் தேடினால் லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்திற்கே வந்து சேர்கிறோம். செல்வரின் வாயிலருகே புண்களோடு கிடந்த இலாசரின் பெயரே அச்சொல்லுக்கு மூலம்.

அந்நகரில் இத்தகையோர் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் வீணே திரிகின்றனர் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபோல்க்மான் என்பவர் தமது பயண நூலில் எழுதினார். அந்நூலைப் படித்திருந்த செர்மானியக் கவிஞர் கேத்தே 1787ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் சென்றார். கேட்டதை நம்பி அமையாமல், விடியற்காலை தொடங்கித் தெருத்தெருவாக நடந்து, சோம்பியிருப்போர் யாவர் எனத் தேடினார்.

அவர் கண்டது வேறு. சும்மா நின்றவர் சுமைகூலிகள். யாரேனும் அழைப்பதற்காகக் காத்திருந்தனர். கரையில் அமர்ந்து புகைத்த மீனவர் சாதகமான காற்றை எதிர்நோக்கியிருந்தனர். சிறுவர்கள்கூட மீன் விற்றனர், மரச்சிராய் பொறுக்கினர். கந்தல் உடுத்தியோரைக் கண்டாரேயன்றி, தொழிலற்றோரை அவர் காணவில்லை. காத்திருத்தலும் அவர்களது உழைப்பின் ஒரு பகுதியே என்பதைத் தொலைவில் நின்றோர் உணரவில்லை.

உழைக்க மனமில்லாதவரைத் தூய பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் கடிந்துகொண்டது உண்மையே. ஆனால், மனமின்மை வேறு, வேலையின்மை வேறு. திராட்சைத் தோட்ட உவமையில் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அழைப்பார் எவருமில்லை.

நம் ஊர்ச் சாலைச் சந்திப்புகளிலும் விடியலில் மண்வெட்டியும் கூடையுமாகக் கூலிவேலைக்குக் காத்து நிற்போர் உள்ளனர். பத்து மணிக்கும் அங்கேயே நிற்பவரைக் கண்டு, "சோம்பேறிகள்" என்று நாமும் சொல்லிக் கடந்ததுண்டு. திருப்பலி முடிந்து திரும்பும் வழியிலேயே சொன்னதுண்டு!

ஆண்டவரின் உவமையில் செல்வருக்குப் பெயரில்லை, ஏழைக்கோ பெயருண்டு. அவர் மதித்துச் சூட்டிய அப்பெயரையே உலகம் வசையாக்கிவிட்டது. நம் வாயிலருகே நிற்பவரை இனி எப்பெயர் சொல்லி அழைக்கப்போகிறோம்?