போருக்குப் புறப்படும் முன் ஒரு கடைசி ஆட்டம்: வசேடா பல்கலைக்கழக பேஸ்பால் குழுவின் வரலாறு

ஜப்பானில் பேஸ்பால் வேரூன்றியது பல்கலைக்கழகத் திடல்களில்தான். அவற்றுள் தோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகக் குழுவுக்குத் தனி இடம் உண்டு. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடிய நம்மவர்களுக்கும் ஓரளவு அறிமுகமான இந்த ஆட்டத்தை, போர்க்காலத் தடையிலும் கைவிடாத குழு அது.

தொடக்கம்

குழு 1901-இல் அமைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் அபே இசோ. உள்நாட்டில் எல்லாக் குழுக்களையும் வென்றால் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்வதாக அவர் மாணவர்களுக்கு வாக்களித்தார். மாணவர்கள் வென்று காட்டினர். ரஷ்யாவுடன் போர் நடந்துகொண்டிருந்த 1905-இலும் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அங்கு ஆடிய 26 ஆட்டங்களில் வெற்றி 7 மட்டுமே. ஆனால், அங்கு கற்றுவந்த நுட்பங்கள் ஜப்பானிய ஆட்டத்தையே மாற்றின.

பரம எதிரி கெயோ

கெயோ பல்கலைக்கழகத்துடனான முதல் ஆட்டம் 1903-இல் நடந்தது. 1906-இல் இருதரப்பு ஆதரவாளர்களின் ஆவேசம் எல்லை மீறும் நிலைக்குப் போனதால் போட்டி நிறுத்தப்பட்டது. 19 ஆண்டுகளுக்குப் பின், தோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து லீக் தொடங்கிய 1925-இல்தான் மீண்டும் மோதின.

அதே ஆண்டில் பயிற்றுநர் தொபித்தா சுய்ஷுவின் கனவும் பலித்தது. 1910-இல் அவர் குழுத் தலைவராக இருந்தபோது சிகாகோ பல்கலைக்கழகம் வசேடாவை வரிசையாகத் தோற்கடித்தது. பொறுப்பேற்று விலகியவர், 1919-இல் பயிற்றுநராகத் திரும்பினார். கடும் பயிற்சி தந்து, 1925-இல் சிகாகோவை வீழ்த்திய பிறகே பதவியை விட்டார்.

1943, அக்டோபர் 16

பேஸ்பால் எதிரி நாட்டு ஆட்டம் என்று கருதப்பட்ட காலம் அது. அரசாங்க உத்தரவால் 1943-இல் லீக் கலைக்கப்பட்டது. மாணவர்களைப் படையில் சேர்க்கும் ஆணையும் வந்தது. போகும் முன் ஒருமுறை ஆட வேண்டும் என்பது இரு குழு மாணவர்களின் விருப்பம். அதை நிறைவேற்ற தொபித்தா பாடுபட்டார். கெயோ தலைவர் கொய்சுமி ஷின்சோ துணை நின்றார். அவர் முந்திய ஆண்டில்தான் தம் ஒரே மகனைப் போரில் பறிகொடுத்தவர். சிறப்பு இருக்கையை மறுத்து, மாணவர்களோடு அமர்ந்து அன்றைய ஆட்டத்தைப் பார்த்தார்.

வசேடாவின் தொத்சுக்கா திடலில் நடந்த ஆட்டத்தில் வசேடா 10-1 என வென்றது. முடிந்ததும் இரு தரப்பினரும் மற்றவரின் பல்கலைக்கழகப் பாடலைப் பாடி விடைபெற்றனர். அவர்களில் சிலர் போரிலிருந்து திரும்பவே இல்லை.

போருக்குப் பின்

1946-இல் லீக் மீண்டும் தொடங்கியது. 1949-இல் அபே மறைந்தபின் தொத்சுக்கா திடல் அவர் பெயரைப் பெற்றது. இன்று அங்கே பல்கலைக்கழகத்தின் மத்திய நூலகம் நிற்கிறது. வசேடா, கெயோ ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மெய்ஜி ஜிங்கு அரங்கில் தொடர்கிறது.