விலை குறைந்த ரைஃபிளை லேத் பட்டறையில் ‘செட்’ பண்ணலாமா? சட்டம் சொல்வது என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் வெண்கலம் வென்றார். ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் போல்ட்டை இழுத்துவிடும் .22 ரைஃபிள் போட்டி அது. வெளிநாட்டு ரைஃபிள் லட்சக்கணக்கில் விலை. ‘வீடியோல காட்டுற மாதிரி நாமளே ஒண்ணு செஞ்சா என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு.

கூடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, அதற்கென உரிமம் பெறாதவர் துப்பாக்கி தயாரிப்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் மாற்றி அமைப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உங்களிடம் துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் இருந்தாலும் லேத்காரரிடம் கொடுக்க முடியாது.

அப்போ எதைத்தான் மேம்படுத்துவது? 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10.4 மி.மீ. ஒரே ரைஃபிளில் தோட்டா பிராண்டை மாற்றினாலே குறி விழும் இடம் மாறும். அதனால் நாலைந்து வகை சுட்டுப் பார்ப்பதுதான் மலிவான மேம்பாடு. அடுத்து ஸ்லிங், உடம்புக்கு ஏற்ற ஸ்டாக் நீளம். பேரல், டிரிகர் வேலை உரிமம் பெற்ற கடையில் மட்டுமே.

அடி அண்ணாமலையில் இருப்பவர் .22 வாங்க திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதுசா ஆரம்பிப்பவர் என்றால் முதலில் ஏர் ரைஃபிள் போதும். 4.5 மி.மீ., 20 ஜூலுக்கு மிகாததற்கு லைசென்ஸ் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் ஏர் ரைஃபிளில்தான்.