கலைப்பு என்ற சொல்

ஓய்வுக்குப் பிறகு, வாரத்தில் இரண்டு மாலை ஐந்தாறு பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தை ஆபீஸ் ஃபைல்களில் கற்றுக்கொண்டவனுக்கு இது கொஞ்சம் துணிச்சல்தான். 'ப்ரொடெஸ்ட்', 'ரயட்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். ஒன்று போராட்டம், மற்றது கலவரம் என்று முடித்திருக்கலாம். ஒரே கூட்டத்தைச் சிலர் அப்படியும் சிலர் இப்படியும் எழுதிவைத்தால் என்ன செய்வது? அதனால் மான்செஸ்டர் கதையைச் சொன்னேன்.

1819 ஆகஸ்ட் 16. அந்தப் பெரிய ஆலை நகரத்துக்குப் பார்லிமெண்டில் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. வாக்குரிமை கேட்டு, செயின்ட் பீட்டர் திடலில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். நெசவாளர்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு அணிந்து, மனைவி மக்களோடு, வரிசையாக நடந்து வந்தார்கள். ஒழுங்காக நடப்பதற்கு முன்கூட்டியே பயிற்சிகூட எடுத்திருந்தார்கள். அந்த ஒழுங்கே அதிகாரிகளுக்குப் பயத்தைக் கொடுத்தது. ராணுவப் பயிற்சி என்றார்கள்!

அப்போது அங்கே 'ரயட் ஆக்ட்' என்று ஒரு சட்டம். பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் குலைத்தால், மாஜிஸ்திரேட் ஓர் அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கலையாதவர்களுக்கு மரண தண்டனை வரை உண்டு. இன்று ஆங்கிலத்தில் யாரையாவது கண்டித்தால் 'ரயட் ஆக்ட் வாசித்தார்' என்பார்கள். அது இதிலிருந்து வந்ததுதான்.

திடலோரத்து வீட்டிலிருந்து வாசித்தோம் என்று மாஜிஸ்திரேட்டுகள் பின்னால் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த பலர் எதுவும் காதில் விழவில்லை என்றார்கள். நோட்டீஸ் 'சார்வு செய்யப்பட்டது' என்று எத்தனையோ ஃபைல்களில் படித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் வாசித்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் எங்கே? பேச்சாளர் ஹென்றி ஹண்ட்டைக் கைது செய்ய, உள்ளூர் வசதிக்காரர்களின் குதிரைப்படை உருவிய வாளோடு புகுந்தது. பிறகு ராணுவக் குதிரைப்படையும் வந்தது. அரை மணிக்குள் திடல் காலி. வரும் வழியிலேயே ஒரு குதிரை மோதி, தாயின் கையிலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது.

ஹண்ட்டுக்கு இரண்டரை ஆண்டு சிறை. அந்த ஆண்டே பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டங்கள் வந்தன. வாள் வீசியவர்கள் யாருக்கும் தண்டனையில்லை.

வகுப்பில் ஓர் அம்மாள், "அப்போ கலவரம் பண்ணினது யார் சார்?" என்றார். அந்த இடத்தில் முதலில் வைத்த நினைவுப் பலகையைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் ராணுவத்தால் 'கலைக்கப்பட்டது' என்று மட்டும் அதில் இருந்தது. செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2007இல்தான் பலகையை மாற்றினார்கள். குதிரைப்படை தாக்கியது, 15 பேர் இறந்தார்கள், 600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்று புதியதில் இருக்கிறது.