கஞ்சாம் கத்தோலிக்கப் பங்கு, ஸ்ரீரங்கப்பட்டணம்

கஞ்சாம் பங்கு என்பது, காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் கிழக்குப் பகுதியில், 1800இல் எழுந்த கோயிலைச் சுற்றி உருவான கத்தோலிக்கச் சமூகம். கோயிலைக் கட்டிய பிரெஞ்சுக் குருவின் பெயரால் இது அபே துபுவா தேவாலயம் என்றே வழங்குகிறது. ஊர் மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1939இல் மாண்டியா மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. திருச்சபை ஆட்சியில் இன்றும் மைசூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே. தென்னிந்தியாவின் பெரும்பாலான பழைய பங்குகள் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களால் தோன்றியவை. கஞ்சாம் பங்கோ, பிடுங்கி எறியப்பட்டுத் திரும்பி வந்தவர்களால் தோன்றியது. அதன் வரலாற்றைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

இயேசு சபையின் காலம்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கிறிஸ்தவம் துபுவாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. இத்தாலியின் கப்புவா நகரில் பிறந்த இயேசு சபைக் குரு லியோனார்தோ சின்னாமி, கண்டீரவ நரசராஜ உடையார் ஆண்ட காலத்தில், 1648இல் தலைநகருக்கு வந்து மைசூர் மறைத்தளத்தைத் தொடங்கினார். மதுரையில் இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில் அவரும் துறவிக்கோலம் பூண்டு வாழ்ந்தார். கன்னடத்துக்கு இலக்கணமும் சொல்லகராதியும் எழுதினார். மறைக்கல்வி நூலையும் அந்த மொழியிலேயே ஆக்கினார்.

மதுரை மறைத்தளம் இயேசு சபையின் மலபார் மாநிலத்துக்கு உட்பட்டது. மைசூரோ கோவா மாநிலத்தின் பொறுப்பு. காவிரிக்குத் தெற்கே சத்தியமங்கலம், கிழக்கே தருமபுரிப் பகுதி எனத் தமிழ் பேசும் ஊர்களும் மைசூர் மறைத்தளத்துக்குள் இருந்தன. ஆகவே கன்னடம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் செபம் சொல்லும் வழக்கம் இம்மண்ணில் மிகப் பழையது.

கோவாவோடு கட்டப்பட்டிருந்ததே இந்த மறைத்தளத்துக்குக் கேடாகவும் முடிந்தது. போர்த்துக்கீசிய அமைச்சர் பொம்பால் 1759இல் இயேசு சபையை வெளியேற்றியபோது, ஆள்வரவும் பணவரவும் நின்றன. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்தார். 1776இல் புதுச்சேரியை மையமாகக் கொண்ட பாரிஸ் வேதபோதக சபையிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இருந்த குருக்கள் சிலரே, பரப்போ பெரிது.

சிறையிருப்பு

1784ஆம் ஆண்டின் திருநீற்றுப் புதன் கனராக் கடற்கரைக் கத்தோலிக்கரின் நினைவில் அழியாத நாள். அப்போது மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் ஆணைப்படி மங்களூர்ப் பகுதிக் குடும்பங்கள் சூழப்பட்டு, மலைத்தொடரைக் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக் கொண்டுவரப்பட்டன. பிடிபட்டவர்கள் 60,000 பேர் என்பது ஒரு கணக்கு; மற்றக் கணக்குகள் வேறுபடுகின்றன. வழியிலேயே பலர் இறந்தனர். இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டு, விருத்தசேதனம் செய்யப்பட்டு, புதுப்பெயர் சூட்டப்பட்டனர். பெண்களில் பலர் அரண்மனைக்கும் அதிகாரிகளின் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். அப்போது நடந்த போரில் ஆங்கிலேயருக்குத் துணைபோனார்கள் என்ற ஐயமே இதற்குக் காரணம் என்று அரசவைத் தரப்பு சொன்னது. பச்சைக் குழந்தைகளுக்கும் இதே தண்டனை என்பதால், அந்தக் காரணம் இக்கொடுமையை நியாயப்படுத்தப் போதாது.

கஞ்சாமே குடிபெயர்ப்பால் உருவான ஊர். சிராவிலிருந்து 12,000 குடும்பங்களைக் கொண்டுவந்து திப்பு இதை நிரப்பினார் என்று மைசூர் விவரச்சுவடிகள் பதிவு செய்துள்ளன. வேரறுக்கப்பட்டவர்களின் ஊரில், வேரறுக்கப்பட்ட இன்னொரு கூட்டத்துக்காகக் கோயில் எழுந்தது.

அபே துபுவா

1799 மே 4ஆம் நாள் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது; திப்பு மாண்டார். நகரின் பொறுப்பு கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியிடம் வந்தது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் இவர்தான். சிதறிய கிறிஸ்தவரை ஒழுங்குபடுத்த அவருடைய ஆதரவோடு அழைக்கப்பட்டவர் ழான் அந்துவான் துபுவா. ‘அபே’ என்பது பிரெஞ்சில் குருவுக்கான மரியாதைச் சொல். 1766இல் தென்பிரான்சின் அர்தேஷ் பகுதியில் பிறந்து, 1792இல் குருப்பட்டம் பெற்றுப் புறப்பட்டவர். பிரான்சில் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகள் தமிழ்ப் பகுதிகளில் உழைத்தபின் மைசூருக்கு வந்தார். இந்திய உடை, இந்திய உணவு என்று இங்குள்ளவராகவே வாழ்ந்தார். மைசூர் மக்கள் அவரை ‘தொட்ட சுவாமியவரு’, பெரிய சுவாமி, என்று அழைத்தனர்.

அவர் செய்த முதல் வேலை, கட்டாயத்தால் மதம் மாறியவர்களைத் திரும்பச் சேர்ப்பது. இவ்வாறு திரும்பியவர்கள் 1,800 பேர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. 1800இல் கஞ்சாமில் அவர்களுக்கான கோயில் எழுந்தது. கனராவிலிருந்து கொண்டுவரப்பட்டு அரண்மனை அந்தப்புரத்தில் இருந்த ஏறத்தாழ 200 கிறிஸ்தவப் பெண்களைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும்படி துபுவா வெல்லெஸ்லியை வேண்டினார். வெல்லெஸ்லி மறுத்துவிட்டார். மறுப்பது நியாயமன்று என்று தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டும், திப்புவின் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் மானத்தைக் காக்க வேண்டும் என்று காரணம் காட்டினார். அந்த மறுப்பு இப்பங்கின் வரலாற்றில் ஆறாத புண்.

திரும்பி வந்தவர்களுக்குக் கோயில் மட்டும் போதாது, வயலும் வேண்டும் என்பதை துபுவா அறிந்திருந்தார். ஹாசன் பக்கம் சத்தள்ளியில் அவர்களுக்கு உழவுக் குடியிருப்பு அமைத்தார். இன்றும் அது கிறிஸ்தவ ஊராக நிலைத்திருக்கிறது. பெரியம்மைக்கு அம்மை குத்தும் முறையை மைசூர் நாட்டில் பரப்பியதும் அவருடைய பணியே. ஜென்னர் முறையிலான அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது 1802இல். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் துபுவாவின் முயற்சியால் 25,432 பேருக்கு அம்மை குத்தப்பட்டதாக அரசு ஆவணம் கணக்கிடுகிறது. வைசூரி என்றாலே ஊரைவிட்டு ஓடிய காலத்தில், ஒரு சாமியாரின் சொல்லை நம்பி அத்தனை பேர் கையை நீட்டியிருக்கிறார்கள்.

உலகம் அவரை அறிவது நூலால். இந்துக்களின் வழக்கங்கள், நிறுவனங்கள், சடங்குகள் பற்றிய பிரெஞ்சுக் கையெழுத்துப்படியை, மைசூரில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த மார்க் வில்க்ஸ் வழியாகக் கம்பெனி 1807இல் 2,000 வராகனுக்கு வாங்கியது. 1816இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1825இல் பாரிசில் திருத்திய பிரெஞ்சுப் பதிப்பு. 1897இல் பியூச்சம்பின் புதிய ஆங்கில ஆக்கம். நூலின் பெரும்பகுதி, புதுச்சேரி இயேசு சபை அறிஞர் கேர்தூ முன்பே எழுதியிருந்த படியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை 1980களில் சில்வியா முர் நிறுவினார். சமஸ்கிருதமும் இலத்தீனும் உறவுமொழிகள் என்பதை வில்லியம் ஜோன்சுக்கு முன்பே சுட்டியவர் இந்தக் கேர்தூ. நூலுக்குரிய புகழில் பெரும்பங்கு அவருக்கே சேரவேண்டும். கஞ்சாமில் ஆற்றிய பணிக்குரிய புகழில் யாருக்கும் பங்கில்லை. அது துபுவாவுக்கே உரியது.

1823இல் அவர் பிரான்சு திரும்பினார். இந்தியக் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய அவருடைய கடிதங்கள் அதே ஆண்டு இலண்டனில் வெளிவந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பின. 25 ஆண்டு உழைப்பில் தாம் புதிதாகச் சேர்த்தது 200 முதல் 300 பேரே என்றும், இந்துக்களை மதம் மாற்றுவது அன்றைய சூழலில் இயலாது என்றும் வெளிப்படையாக எழுதினார். பாளையங்கோட்டையில் கம்பெனிச் சமயகுருவாக இருந்த ஜேம்ஸ் ஹவ் 1824இல் மறுப்பு நூல் வெளியிட்டார். துபுவாவின் சொற்கள் தோல்வியின் புலம்பல் என்று அன்று பலர் கொண்டனர். கஞ்சாமின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. இழந்தவர்களைத் தேடிச் சேர்ப்பதே தம் பணி என்று கண்டவரின் நேர்மையான கணக்கு அது. பின்னர் தாம் சார்ந்த பாரிஸ் வேதபோதக சபையின் தலைவராக இருந்து, 1848 பிப்ரவரி 17இல் அவர் காலமானார். தாமஸ் ஹிக்கி தீட்டிய அவரது உருவப்படம் சென்னை இலக்கியச் சங்கத்துக்கு உரியது.

பிற்காலம்

கோட்டைப் பகுதியில் காய்ச்சல் ஓயாததால் ஆங்கிலப் படை பெங்களூருக்கு மாறியது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஒடுங்கியது, பங்கும் சிறுத்தது. 1850இல் மைசூர் தனி மறை ஆட்சிப் பகுதியானது. சார்போன்னோ ஆண்டகை பெங்களூரிலிருந்து அதை நடத்தினார். 1886இல் மறைமாவட்டமாகி, 1940இல் பெங்களூர் பிரிந்தபின் மைசூர் நகரே ஆயரின் இருப்பிடமானது. மைசூர், மாண்டியா, சாமராஜநகர், குடகு ஆகிய நான்கு மாவட்டங்கள் இன்று அதன் எல்லை.

கஞ்சாம் கோயில் இன்றும் இருக்கிறது. திப்புவின் கல்லறையான கும்பஸும் நிமிஷாம்பா கோயிலும் இதே கஞ்சாமில்தான் உள்ளன. அவற்றைப் பார்க்க மைசூரிலிருந்து வரும் தமிழ்ப் பயணிகள் இந்தச் சிறு கோயிலுக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.